நின்று போகாத வண்டி: உசிலம்பட்டிக் குடும்பம் ஒன்று பழைய கார் வாங்கிய நிகழ்வின் ஆய்வு

உசிலம்பட்டியில் சின்னதாக ஓர் உரக்கடை வைத்திருக்கும் குடும்பம். பெரியவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை நோய் சிறுநீரகத்தில் கை வைத்துவிட்டதால் வாரம் இரண்டு முறை மதுரையில் டயாலிசிஸ். அவர் எனக்கு மாமா, என் அத்தையின் வீட்டுக்காரர். கடையைப் பார்ப்பதும் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அத்தை மகன்தான். நான் மதுரையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசர். அதனால் கார் வாங்குவது என்று வீட்டில் முடிவானதும் போன் எனக்கு வந்தது.

டயாலிசிஸ் நான்கு மணி நேரம் ஓடும். முடிந்து எழும்போது பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வரும். அந்த நிலையில் ஒருவரை மதியம் இரண்டு மணி வெயிலில் பஸ்ஸுக்கு நிறுத்தி வைக்க முடியாது. ஊரில் தெரிந்த டிரைவரின் காரை வாடகைக்கு எடுத்தார்கள். காத்திருப்போடு சேர்த்து நடைக்கு 1,800 ரூபாய், மாதம் 15,600 ரூபாய் அளவுக்கு. பணத்தைக்கூடச் சமாளித்தார்கள். முகூர்த்த நாள் வந்தால்தான் வண்டி கிடைக்காமல் திண்டாட்டம். டயாலிசிஸைக் கல்யாணத்துக்காகத் தள்ளிப்போட முடியுமா?

ஆக, தேவை இதுதான்: போக வர 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மாதம் எட்டு ஒன்பது நடை. கடை வேலையையும் சேர்த்தால் மாதம் 1,000 கிலோமீட்டர். கையில் 2.35 லட்சம் இருந்தது, நகையை வைத்தால் இன்னும் 1.75 லட்சம் வரும். இது நடந்தது 2025 தை மாதம்.

மைலேஜ் கணக்கு

அத்தை மகன் முதலில் கேட்டது எல்லோரும் கேட்பதுதான். "மச்சான், லிட்டருக்கு இருபத்திரண்டு குடுக்குற வண்டியா பாருங்க." அவர் கேட்டதில் தப்பில்லை. அப்போது பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நின்றது. ஆனால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு, 22 கொடுக்கும் வண்டி சுமார் 45 லிட்டர் குடிக்கும். 18 கொடுக்கும் வண்டி சுமார் 55 லிட்டர். வித்தியாசம் 10 லிட்டர், அதாவது மாதம் ஆயிரம் ரூபாய், வருடம் பன்னிரண்டாயிரம். சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஏசி கம்ப்ரசர் போனால், அல்லது எஞ்சின் சூடேறி, அதன் மேல்பாகமான ஹெட்டை அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போனால், அந்த ஒரு வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். அதோடு அன்றைக்கு மாமா ஆஸ்பத்திரிக்குப் போகவும் முடியாது.

நான் இந்தத் தொழிலில் பார்த்தவரை, பழைய சின்னக் கார் வாங்கிக் கஷ்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் மைலேஜ் குறைவால் கஷ்டப்படுவதில்லை. வண்டியின் பழைய வாழ்க்கை என்ன என்று தெரியாமல் வாங்கியதால்தான் கஷ்டப்படுகிறார்கள். அதனால் தேடும் வரிசையை மாற்றிக்கொண்டோம். முதலில் பராமரிப்புச் சரித்திரம், அப்புறம் பேப்பர், அப்புறம் வண்டியின் நிலை, கடைசியில்தான் மைலேஜ்.

பெரியவருக்காக இன்னும் இரண்டு தேவைகள் இருந்தன. முழங்காலை அதிகம் மடக்காமல் ஏறி உட்கார உயரமான சீட். மடக்கிய வீல்சேர் நுழையும் அளவுக்கு டிக்கி. மூன்றாவது தேவையை நான் சேர்த்தேன்: 2019 ஜூலைக்குப் பிறகு வந்த வண்டியாக இருக்க வேண்டும். அந்த மாதம் முதல்தான் எல்லாப் புதுக் கார்களிலும் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் எல்லாம் கட்டாயமாயின. திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அதற்கு முன்பே, அதே ஆண்டு ஏப்ரலில் கட்டாயமானது. 2014-இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800 ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. மதுரை தேனி சாலையில் எதிரே வரும் லாரிகளைப் பார்த்தவர்கள், ஏர்பேக்கை ஆடம்பரம் என்று நினைக்க மாட்டார்கள்.

வேண்டாம் என்று விட்ட இரண்டு

முதல் வண்டி, பைபாஸ் ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் நின்ற 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக். விலை 3.10 லட்சம். "டீசல் அண்ணே, இருபதுக்குக் குறையாது" என்றார் அங்கே இருந்த பையன். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை. டீசல் லிட்டர் 92 ரூபாய்க்கு மேல். 20 கொடுத்தால் மாதம் சுமார் 4,650 ரூபாய். பெட்ரோல் வண்டி 18.5 கொடுத்தாலே சுமார் 5,460 ரூபாய்தான். மாதம் 800 ரூபாய் மிச்சத்துக்காகப் டீசலைத் தெளிக்கும் பன்னிரண்டு வயதான இன்ஜெக்டர்களையும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் தலையில் சுமக்க வேண்டுமா? ஒரு செட் இன்ஜெக்டர் வேலை வந்தாலே பல வருட மிச்சம் காலி. மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடும் வியாபாரிக்கு டீசல் சரி. இந்தக் குடும்பத்துக்கு இல்லை.

இரண்டாவது வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெள்ளை நிற ஆல்டோ 800. வருடம் நான் சொன்னதற்கு முந்தியது, ஆனால் விலை 1.90 லட்சம்தான். கண்ணாடி மாதிரி பாலிஷ். மீட்டரில் 42,000 கிலோமீட்டர். அத்தைக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

பெடல் ரப்பரைப் பார்த்தேன். கிளட்ச் பெடலில் வரிகளே இல்லை, வழவழவென்று தேய்ந்திருந்தது. 42,000 ஓடிய வண்டியில் அப்படித் தேயாது. மீட்டரைத் திருத்துவது சுலபம், பெடல், ஸ்டியரிங், டிரைவர் சீட்டின் ஓரம் மூன்றையும் திருத்துவது கஷ்டம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இந்த வண்டியில் நான்கு டயரும் ஏற்கெனவே ஒரு முறை மாற்றப்பட்டவை. அதுவும் 42,000-க்கு ஒட்டவில்லை.

பதிவெண் டிஎன்-69, தூத்துக்குடி. அந்த எண் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையை மறக்கக் கூடாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. அங்கே எத்தனையோ கார்கள் தண்ணீருக்குள் நின்றன. அதனால் முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். வழக்கமாக வெளியே வராத கடைசிப் பகுதியில் மண் நிறத்தில் ஒரு கோடு. சீட்டின் அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு. ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் மூலையில் வண்டல். தண்ணீரில் நின்ற கார் சில மாதம் நன்றாகவே ஓடும். அப்புறம் ஒயரிங் இணைப்புகளில் பச்சை பிடித்து, ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது, ஒரு நாள் ஏர்பேக் விளக்கு எரியும், காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. இப்படிப்பட்ட வண்டியை விற்பவர் அந்தச் செய்தியைச் சொல்லாமல் விற்பது எனக்கு ஆத்திரம் தருகிற விஷயம். அதில் ஏறப் போவது யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் விரும்புவதில்லை.

வாங்கியது

மூன்றாவது வண்டி திருநகரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடையது. 2019 அக்டோபரில் பதிவான வேகன்ஆர், ஒரு லிட்டர் பெட்ரோல், ஒரே ஓனர், 41,000 கிலோமீட்டர். மகனோடு சென்னைக்குப் போகிறார், அதனால் விற்கிறார். கேட்டது 4.30 லட்சம், முடிந்தது 4.10 லட்சம்.

2019 ஜனவரியில் வந்த இந்த வடிவத்தில் டிக்கி 341 லிட்டர், சீட் உயரம், கதவு அகலமாகத் திறக்கும். எஞ்சின் 998 சிசி மூன்று சிலிண்டர், வால்வுகளை நேரத்துக்கு இயக்க டைமிங் செயின் உள்ளது. பழைய 796 சிசி ஆல்டோ எஞ்சினில் இருப்பதைப் போல் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. குறையையும் சொல்லிவிடுகிறேன்: அதே 2019-இல் குளோபல் என்கேப் இந்தக் காருக்குக் கொடுத்தது ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான். இந்தப் பட்ஜெட்டில், இந்த உயரமும் டிக்கியும் வேண்டும் என்றால், இதை ஏற்றுக்கொண்டு 70-க்கு மேல் ஓட்டாமல் இருப்பதே வழி என்று அத்தை மகனிடம் தெளிவாகச் சொன்னேன்.

என்னைச் சம்மதிக்க வைத்தது வண்டியின் பளபளப்பு இல்லை. வாத்தியார் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வைத்தார். முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும் தேதி வாரியாக இருந்தன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டபோது, அங்கே பதிவான கிலோமீட்டரும் பில்லில் இருந்ததும் ஒன்றாக இருந்தன. ஒவ்வொரு வருடமும் சீராக ஏறிக்கொண்டே வந்த எண்கள், நடுவில் எங்கும் இறங்கவில்லை. நான்கு கதவுக் கண்ணாடியிலும் முன் கண்ணாடியிலும் உற்பத்தி ஆண்டு ஒன்றே. பானட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை, அதாவது முன்பக்கத்தை யாரும் கழற்றி மாட்டவில்லை. வலது பின் கதவில் மட்டும் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்திருந்தார்கள். கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார்: தெற்கு வாசல் பக்கம் ஒரு ஆட்டோ உரசியது.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பார்ப்பது முக்கியம். சூடான எஞ்சின் பல நோய்களை மறைத்துவிடும். ஆயிலில் தண்ணீர் கலந்தால் வரும் வெள்ளைப் பசை ஆயில் மூடியின் உள்பக்கம் இல்லை, கூலன்ட் அதன் நிறத்திலேயே இருந்தது, புகை இல்லை. வாத்தியாரையும் உட்கார வைத்துக்கொண்டு உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வரை ஓட்டிப் போனோம். ஏசியைப் போட்டு, நான்கு பேரோடு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால் கிளட்ச் வழுக்குகிறதா என்று தெரிந்துவிடும். வழுக்கவில்லை. மேலே நிறுத்தி ஏசியோடு கால் மணி நேரம் ஐடிலில் விட்டோம். ரேடியேட்டர் ஃபேன் முறையாகச் சுற்றி நின்றது. ஊருக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்குவது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

பேப்பர்

இங்கேதான் ஒரு சிக்கல். வண்டியின் பதிவுச் சான்றிதழான ஆர்சியில் வங்கியின் அடமானப் பதிவு (ஹெச்பி) அப்படியே இருந்தது. கடன் அடைத்து இரண்டு வருடமாகியும் ஹெச்பி ரத்து செய்யவில்லை. வாத்தியார் நல்லவர்தான், தெரியாமல் விட்டிருக்கிறார். இடையில் இருந்த தரகர், பெயர் மாற்றத்துக்கான படிவங்களைச் சொல்லி, "29, 30 ஃபாரத்துல கையெழுத்து வாங்கிக்கங்க, பேர் மாத்துறத மெதுவா பாத்துக்கலாம்" என்றார்.

மெதுவாகப் பார்க்கக் கூடாத விஷயம் இது ஒன்றுதான். 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவர் மேல். அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறித்தான் இருந்தது, முதலில் விற்றவர்தான் மாட்டினார். இதை வாத்தியாரிடம் விளக்கியபோது அவரே பதறிப்போய் மறுநாள் வங்கிக்குப் போனார். வங்கியின் ஆட்சேபணை இல்லாச் சான்றான என்ஓசியும் 35-ஆம் படிவமும் போட்டு அடமானத்தை நீக்கிய பிறகே முழுப் பணமும் கைமாறியது. அது வரை முன்பணம் மட்டும். ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானது, பரவாயில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை மாற்றவும் 14 நாள். மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாக வந்துவிடும், ஆனால் சொந்த வண்டியின் சேதத்துக்கு உங்கள் பெயர் ஏற வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக இன்சூரன்ஸ் கட்டணத்தில் கிடைக்கும் நோ கிளைம் போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. வாத்தியாருக்கு இருந்த சலுகை அவரோடு போய்விட்டது, அந்த வித்தியாசத்தை அத்தை மகன் கட்டினார். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிலுவை அபராதம் ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்தோம், இல்லை.

ஓட்டிய பிறகு

வாங்கிய வாரமே 25,000 ரூபாய் செலவு வைத்தேன். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட் எல்லாம் புதிது. பேட்டரி, முன் பிரேக் பேட், முன் டயர் இரண்டு. "ஓடிக்கிட்டுத்தான இருக்கு, எதுக்கு?" என்று அத்தை கேட்டது நியாயம்தான். பழைய கார் வாங்குகிறவர்கள் கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிட்டு, முதல் பழுதுக்குக் கடன் வாங்குவதைப் பார்த்துப் பார்த்து மனசு வலித்திருக்கிறது. விலையில் ஒரு பங்கை முதல் மாதத்துக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும்.

மைலேஜ் என்ன வந்தது? டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் முறையில், ஏசியோடு 18-க்கும் 19-க்கும் நடுவில். கம்பெனி சொன்னது 22.5. யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி சொல்லும் அந்த ஏஆர்ஏஐ அளவு (வாகனச் சோதனை அமைப்பு சான்று கொடுப்பது) என்பது ஆய்வகத்தில் ரோலர் மேல், ஏசி இல்லாமல் எடுப்பது. காளவாசல் சிக்னலில் சித்திரை வெயிலில் நிற்பது அதில் வராது. அதோடு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. 2019 மாடல் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால், மைலேஜ் குறைந்ததற்கு மெக்கானிக்கைத் திட்ட மாட்டார்கள்.

ஒரே ஒரு முறை வண்டி நின்றது. வைகாசி மாதம், டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது செக்கானூரணிக்கு அருகில் சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தது. அந்த விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வாங்கிய அன்றே சொல்லியிருந்தேன்: "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டக் கூடாது. அத்தை மகன் உடனே ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினையும் அணைத்துவிட்டார். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. மாமாவை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு எனக்கு போன் செய்தார். ஃபேன் மோட்டார் போயிருந்தது. மாற்றியதில் ஐயாயிரம் ரூபாயோடு முடிந்தது. அலுமினிய ஹெட் உள்ள எஞ்சினைச் சூட்டோடு வீடு வரை ஓட்டியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும். கணவாயில் நன்றாகச் சுற்றிய ஃபேன் நான்கு மாதத்தில் போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நல்ல வண்டியிலும் பாகம் பழுதாகும். அந்த நிமிடத்தில் ஓட்டுபவர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஐயாயிரமா ஐம்பதாயிரமா என்பது இருக்கிறது.

ஒரு வருடச் செலவு தோராயமாக: பெட்ரோல் 65,000, தொடக்க வேலை 25,000, சர்வீஸும் ஃபேனும் 13,000, இன்சூரன்ஸ் 9,000. மொத்தம் 1.12 லட்சம். வாடகைக் காராக இருந்தால் ஆஸ்பத்திரி நடைக்கு மட்டும் 1.87 லட்சம் ஆகியிருக்கும். மிச்சம் 75,000 என்று இதோடு நிறுத்திக்கொள்வது சரியில்லை. வண்டியின் மதிப்பு வருடத்துக்கு நாற்பதாயிரமாவது இறங்கும், நகைக்கடன் வட்டி பதினாறாயிரம். உண்மையான மிச்சம் இருபதாயிரத்துக்குள்தான். ஆனால் ஒரு முகூர்த்த நாளில்கூட டயாலிசிஸ் தள்ளிப்போகவில்லை. மாமா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது முன் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வருகிறார். அந்தக் குடும்பம் பணம் கொடுத்து வாங்கியது அதைத்தான்.

இன்று இதே வேலையைச் செய்தால் ஒரு விஷயத்தை மாற்றிச் செய்வேன். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. புது வேகன்ஆர் தொடக்க விலை 4,98,900-க்கும், ஆல்டோ கே10 3,69,900-க்கும் வந்தன. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்குள் உள்ள காருக்குச் சாலை வரி 12 சதவீதம். அதையும் இன்சூரன்ஸையும் சேர்த்தாலும் புது வேகன்ஆர் ஆறு லட்சத்துக்குள் வரும். இந்த நிலையில் ஆறு வயதான வண்டிக்கு 4.10 கொடுக்க மாட்டேன், 3.50-க்கு மேல் பேசவே மாட்டேன். பழைய விலையையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் கன்சல்டிங்குகளில் புது வண்டியின் விலையைத் தாளில் எழுதி வைத்துப் பேசுங்கள்.

இப்போது மருத்துவர் டயாலிசிஸை வாரம் மூன்றாக்கச் சொல்லியிருக்கிறார். ஓட்டம் மாதம் 1,300 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால் அத்தை மகன் சிஎன்ஜி கிட் போடலாமா என்று கேட்கிறார். எரிபொருள் செலவு குறையும், உண்மை. ஆனால் சிலிண்டர் வந்தால் டிக்கி போய்விடும், வீல்சேரைப் பின் சீட்டில்தான் போட வேண்டும், அத்தைக்கு இடம் இருக்காது. ஆர்சியில் எரிபொருள் மாற்றத்தைப் பதிய வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதில் பின் டயர் இரண்டையும் இந்த மாதமே மாற்றச் சொன்னேன். மழை வருவதற்குள் அது முடிய வேண்டும்.